முன்னோட்டத்தில் வந்த மலர் அக்கா

ஊர்காவற்றுறையில் இருந்த அந்தப் படம்பிடிக்கும் கடைக்குள் பவுடர் மணமும் கழுவிக் காயப்போட்ட படங்களின் புளித்த மணமும் கலந்து மூச்சை அடைத்தன. எனக்கு ஆறு வயது, மலர் அக்காவுக்குப் பதினொன்று. எங்கள் இருவரையும் சேர்த்துப் படம் எடுக்கவென்று அம்மா புளியங்கூடலிலிருந்து கூட்டிவந்திருந்தார். விளக்கு எரிந்ததும் நான் பயந்து அழுது விலகிவிட்டேன். "அவள் நிக்கட்டும், நீ இரு" என்று அம்மா அக்காவை மட்டும் "கதிரை"யில் இருத்தினார். ஆனாலும் அக்கா என்னை விடவில்லை. படத்தின் ஓரத்தில், அவளுடைய விரல்களுக்குள், என் சின்னக் கை மட்டும் விழுந்திருந்தது.

அடுத்த மாரியில் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். பிறகு சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்தபோது "அலுமாரி"யோடு அந்தப் படத்தையும் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகூட இல்லை. அக்காவுக்கென்று வேறு படமும் இருக்கவில்லை.

போன மாதம் கைபேசியில் ஒரு திரைப்படத்தின் முன்னோட்டம் வந்தது. அறுபதுகளில் நடக்கும் துப்பறியும் கதை. தொப்பி போட்ட ஒருவர் பழைய காரிலிருந்து இறங்குகிறார், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போகிறார், மேசை "லாச்சி"யை இழுத்து ஒரு படத்தை எடுத்து, அதிலிருந்த சிறுமியின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறார். "இந்தப் பிள்ளையைக் கொன்றது யார்?" என்று ஒரு குரல் கேட்கிறது. வட்டத்துக்குள் இருந்தது மலர் அக்கா. ஓரத்தில் என் கை. கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு "குசினி"ச் சுவரோடு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்தத் திரைப்படத்தை எடுத்த பொடியன்களின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் சென்றது. பேசியவன் மரியாதையான பிள்ளை.

"பழைய சாமான் கடையிலை கட்டாய் வாங்கினது, அக்கா. கடைசிக் காட்சியிலை எரிச்சுப்போட்டம். ஆரோ ஒராளின்ரை வீட்டுப் படம் எண்டு நினைக்கேல்லை."

முன்னோட்டத்தில் வந்த காட்சியைப் பிரதியெடுத்து அனுப்பினான். சிவப்பு வட்டத்தோடு.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காட்டுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் முன்னோட்டத்தையே காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"ஆர் செய்தது எண்டு சொல்லுவினமோ?"

"அது கதையம்மா. அவளுக்குக் காய்ச்சல்தானே."

"ரெண்டு நாள் வீட்டிலை வைச்சுக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான், பிள்ளை. உன்ரை ஐயா சொன்னவர், முதல் நாளே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு. நான்தான் வெறும் சளித் தடிமன் எண்டு மறிச்சனான்."

ஐயா இன்றைக்கு இல்லை. அந்தக் கடையும் இல்லை, படமும் சாம்பலாகிவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாக ஐயா இதைப் பற்றி ஒரு சொல் சொல்லாமலே போயிருக்கிறார்.

அம்மா கைபேசியைத் திருப்பித் தந்தார்.

"படம் வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போ. கடைசியிலை ஆரிலை பழி போடுகினம் எண்டு நான் பாக்கவேணும்."