மாடியில் பாதிவரை பாவிய பலகை

அண்ணன் விழுந்த அன்று மாடியில் இருந்தவர்கள்: அண்ணன், அவருடன் நெடுங்காலம் தச்சு வேலை செய்த சுகுமாரன் ஆசாரி, எங்கள் சித்தி மகன் முருகேசன், நான். நோயாளியைத் தனியாக வேலை செய்ய விட்டோம் என்று உறவில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தக்கலைக்குப் பக்கம். அப்பா தவறியதும் சின்ன வயதிலேயே திருவனந்தபுரம் வந்து, சாலைச் சந்தைக் கடைகளில் சுமை தூக்கி, பிறகு தச்சு வேலை கற்றார். இடிக்கிற பழைய வீடுகளின் தேக்கு, ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி பிடுங்கி, இழைத்து, பிறர் வீடுகளில் தரையாகப் பாவிக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் தாலியிழந்து வந்தபோது, எத்தனை நாள் இருப்பாய் என்று அவர் கேட்டதே இல்லை.

எங்கள் கரமனை வீட்டு மாடியில் பழைய பலகைத் தரை. கால் வைத்தால் ஆடும். நான் ஏறவே மாட்டேன்.

"பலக ஆடல்ல பிள்ளே, உனக்க நெஞ்சாக்கும் ஆடுகது" என்று சிரிப்பார் அண்ணன்.

நுரையீரலில் நோய் என்று தெரிந்ததும், இன்னும் எத்தனை மாதம் என்று டாக்டரிடம் கேட்டேன். "உறப்பு பறயான் பற்றில்ல" என்றார்.

"உறப்பு போதாதுன்னா ரெண்டு மொளவு கூடப் போடுங்க டாக்டரே" என்றார் அண்ணன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னது. மலையாளத்தில் உறப்பு என்றால் உறுதி, நமக்கு உறைப்பு என்றால் காரம். டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "மாடிய ஒறப்பாக்கித் தாரேன். நீ மேல இரி, கீழ வாடகைக்கு விடு. எனக்குப் பொறவு ஒருத்தன்கிட்டயும் கை நீட்டாண்டாம்."

பழைய தரையைப் பிரித்தால் கீழ்வீட்டுக்குக் கூரையே இருக்காது. அதனால் அதன் மேலேயே, அடியில் ஓடும் மரச் சட்டங்களுக்குக் குறுக்காகப் பலகை பாவுவது என்று முடிவு செய்தார். ஆஞ்சிலிப் பலகைகளைச் சாலைச் சந்தையில் ஒரு பழைய மரக்கடையில் கடனுக்கு எடுத்தார். வாடகை வரத் தொடங்கியதும் தருவதாகப் பேச்சு.

தூசி ஆகாது என்று கெஞ்சினேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தார். சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். சத்தம் கனத்த இடத்தில் சட்டம் இருக்கும். அங்கே சுகுமாரன் ஆணி அடிப்பார். ஒவ்வொரு பலகைக்கும் அண்ணன் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

"ஆசானே, மதி. நாளெ நோக்காம்" என்பார் சுகுமாரன், போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று.

"நாளைய நீ பாத்தியா டேய்?"

அவர் விழுந்த அன்று பாதி அறை முடிந்தது. "வந்து நடந்து காட்டு பிள்ளே" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆடவில்லை. "நல்லா சவுட்டிப் பாரு" என்றார். மிதித்தேன். திரும்பியபோது அண்ணன் பலகை மேலேயே சாய்ந்து கிடந்தார். முருகேசன் முதுகில் சுமந்து இறக்கினான். மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பவில்லை.

மீதிப் பலகை சுவரோரம் சாத்தியிருக்கிறது. கூலி வேண்டாம், முடித்துத் தருகிறேன் என்கிறார் சுகுமாரன். கீழ்வீட்டுக்குப் பேசி வைத்திருந்த குடும்பம், சாவு விழுந்த வீடு வேண்டாம் என்று வேறிடம் போய்விட்டது. பிறகு ஒருவரும் வந்து கேட்கவில்லை. இனி வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

முருகேசனுக்கும், சுகுமாரன் ஆசாரிக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அயல்வீட்டாருக்கும் என் நன்றி. மரக்கடைக்காரர் பதினாறாம் நாள் வந்து, அண்ணன் படத்தைக் கும்பிட்டு, சாப்பிட்டுப் போனார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. அவருக்கு இன்னும் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.