ஃபிரிட்ஜ் கதவில் என் சர்க்கரை

என் வீட்டுக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இரும்பு ஷாஃப்ட்டை அளந்து, நூலளவு கூடினாலும் குறைந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குச் சர்க்கரை நோய் வந்தால் என்ன ஆகும்? ஃபிரிட்ஜ் கதவில் சார்ட் ஒட்டப்படும்.

கட்டம் போட்ட தாள். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. காலையில் வெறும் வயிற்றிலும், மதியம் சாப்பிட்ட பிறகும் விரலைக் குத்திப் பார்த்து, வருகிற நம்பரைப் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளி மேல் கோட்டைத் தாண்டினால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அதற்கும் பக்கத்தில் ‘பொறுப்பு’ என்று இன்னொரு கட்டம் உண்டு. அதில் பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான்.

சார்ட் ஃபிரிட்ஜில் இருப்பதில் ஒரு வசதி, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் படிக்கலாம். சத்தியமங்கலத்திலிருந்து நாத்தனார் வந்தால், தண்ணீர் எடுக்கப் போன கையோடு அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

“ஏனுங்க அண்ணி, புதங்கெழம அப்படி என்னத்தத் தின்னீங்க?”

கல்யாண வீடுகளிலும் இதே கதைதான். முன்பெல்லாம் சௌக்கியமுங்களா என்று கேட்டவர்கள் இப்போது சுகர் எவ்வளவுங்க என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே நம்பர் சொல்வேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஊசியை விரல் நுனியில் வைத்தேன். குத்தத் தோன்றவில்லை. வலி பெரிதில்லை, அது பழகிவிட்டது. சலித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஞாயிறு லீவு, பொங்கல் லீவு, தலைவலி என்றால்கூட அரை நாள் லீவு. இந்தச் சர்க்கரை வேலைக்கு மட்டும் தீபாவளிக்கும் லீவு கிடையாது, அன்றைக்குத்தான் ஓவர்டைம். தட்டில் இருக்கிற இட்லியை இட்லியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது.

மீட்டரை மூடி வைத்தேன். சார்ட்டில் நூற்றுப் பதினெட்டு என்று புள்ளி வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் நூற்று இருபத்திரண்டு. மாத்திரைகளை விழுங்கினேன், இன்சுலின் ஊசியும் தவறாமல் போட்டுக்கொண்டேன், நம்பர் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஆறு வாரம் ஓடியது. நடுவில் ஒரு நாள், பார்க்க நிஜம் போல இருக்கட்டும் என்று ஒரு புள்ளியைக் கோட்டுக்கு மேலே வைத்து, காரணம்: பக்கத்து வீட்டு முறுக்கு என்று எழுதினேன். பாவம் பக்கத்து வீட்டம்மா, அந்த மாதம் முறுக்கே சுடவில்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். “அம்மணி, எல்லாம் கண்ட்ரோலுக்கு வந்துருச்சு பாத்தியா!” என்று என்னிடம் சொன்னவர், கையோடு தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் தப்பித்தேன்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகும் நாள். அங்கே எடுக்கும் ரத்தப் பரிசோதனை மூன்று மாதக் கணக்கையும் மொத்தமாகக் காட்டிக்கொடுத்துவிடும். நோயைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பப் போகிற இவருடைய முகத்தைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் காப்பி டம்ளரோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. காப்பி ஆறிப்போனது.

“அம்மணி, இது அளந்த நம்பர் இல்லியே.”

“ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?”

“அளந்தா இத்தன ஒழுங்கா வராது. புது மெசின்லகூட வராது.”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வேறு மாதிரி திறந்தது.

“ஆமாங்க, அளக்கலீங்க! ஆறு வாரமா ஒண்ணுகூட அளக்கலீங்க! பதினோரு வருசமா அளந்து அளந்து ஓஞ்சுபோயிட்டேன். நானென்ன உங்க கம்பெனி ஷாஃப்ட்டுங்களா?”

கத்தி முடித்த பிறகு அழுதேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. நானே கேட்டேன்.

“உங்க கம்பெனில ஒரு ஆளு அளக்காமயே ரீடிங் எழுதிப்போட்டா என்னங்க பண்ணுவீங்க?”

“எத்தன ஷிப்ட் சேந்தாப்புல பாத்தான்னு மொத கேப்பேன்.”

“அப்பறம்?”

“ஷிப்ட் மாத்த வேற ஆள நிறுத்திப்போட்டு, அவன ஊட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுவேன்.”

சொல்லிவிட்டு சார்ட்டைப் பார்த்தார். நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டார்.

“பதினோரு வருசம். உனக்கு ஷிப்ட் மாத்த ஒரு ஆள அனுப்பலியே அம்மணி நானு.”

டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனை முடிவு மோசமாகத்தான் இருந்தது. அந்தம்மா கோபிக்கவில்லை. “இது சோம்பல் இல்லைங்க, மனசு களைச்சுப் போறது. இங்க வர்ற நிறையப் பேரு இதையேதான் சொல்றாங்க” என்றார். என் வீட்டுக்காரர் உடனே தன் திட்டத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சர்க்கரை வேலை அவருடையது. குத்துவது, நம்பர் பார்ப்பது, என்ன சாப்பிடலாம் என்று முடிவு செய்வது எல்லாமே அவர். அன்றைக்கு எனக்கு நம்பரே சொல்லமாட்டார். எந்த அளவுக்கு மேலே போனால், எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் தனக்குப் போன் செய்ய வேண்டும் என்று மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். சார்ட் அன்றைக்கே பீரோவுக்குள் குடிபோனது.

முதல் ஞாயிறு. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என் விரலில் மூன்று தடவை குத்தித்தான் ரத்தம் வரவழைத்தார். பம்பு சோதிக்கும் கையில் விரல் சிக்கினால் அப்படித்தான். நம்பரை முகத்தில் காட்டக்கூடாது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறார் மனிதர். ஆனால் அந்தப் புருவம் சொன்ன பேச்சைக் கேட்காது. கடைசியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மதியம் அரிசிம்பருப்புச் சோறு. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“எவ்வளவுங்க சாப்பிடலாம்?”

“அது என்ர வேல. நீ தின்னு.”

தின்றேன். சோறு சோறாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டேன். எழுந்ததும் மறுபடி குத்தினார். இந்தத் தடவை பேப்பர் வெகு நேரம் கீழே இறங்கவில்லை.

“கெளம்பு அம்மணி, ரயில்வே கேட் வரைக்கும் நடந்துபோட்டு வரலாம்.”

நடந்தோம். பாதி வழியில் நாத்தனார் போனில் வந்தாள். என் சுகர் எவ்வளவு என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. “அவ இன்னைக்கு லீவு. நாளைக்குக் கூப்புடு” என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் ஒப்படைக்கிற தோரணையில் மீட்டர் டப்பாவையும் சார்ட்டையும் என் கையில் கொடுத்தார்.

“எல்லாம் அளந்தது” என்றார்.

ஞாயிறு மதியத்தில் இருநூற்றுப் பதினாறு. சிவப்புக் கோட்டுக்கு எங்கேயோ மேலே ஒரு புள்ளி. காரணம்: அரிசிம்பருப்பு, மூணு கரண்டி. பொறுப்பு என்ற கட்டத்தில் அவருடைய கையெழுத்து.

பதினோரு வருடத்தில் கோட்டைத் தாண்டிய புள்ளிகளில் என் தப்பில்லாத முதல் புள்ளி அது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டப்பாவைத் திறந்து, விரலைக் குத்தினேன்.