பின்னாலும் பார்க்கும் தினேஸ்வரி

சாப்பாட்டுக் கடைக்குள் கால் வைக்கும்போதே தினேஸ்வரி இடத்தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிடுகிறார். "தூணுக்குப் பின்னால ரெண்டு பேரு எந்திரிக்கப் போறாங்க. வா வா!" ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த மேசை அவருக்கே கிடைக்கிறது.

"இவளக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா மானம் போவுது லா" என்று நுரை பொங்கும் தே தாரிக் தேநீரை ஆற்றியபடி சொல்கிறார் ஷர்மினி. தினேஸ்வரியின் கால்பந்து அணியில் முன்னால் நின்று கோல் போடுபவர். "தாலி கட்டுறப்பக்கூட திரும்பித் திரும்பிப் பாக்குறா. யாரும்மா அந்தப் பையன்னு பக்கத்து சீட்டு ஆன்ட்டி கேக்குது!"

பகலில் தினேஸ்வரி சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாலையில் நடுக்கள ஆட்டக்காரர். எதிராளிகள் நாலா பக்கமும் நெருக்கும் இடம் அது. பந்து காலுக்கு வந்தபின் சுற்றிப் பார்க்க நேரமிருக்காது. அதனால் அது இன்னொருவர் காலிலிருந்து கிளம்பி உருண்டு வரும் இடைவெளியிலேயே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறார். "உருளுறப்ப பாக்கலாம். தொடுறப்ப பாக்கக் கூடாது. அவ்ளோதான்."

இந்தப் பழக்கம் அவர் சிறு வயதில் வளர்ந்த சுங்காய் ஊர்ப் பக்கம் வந்தது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட தோட்டம். தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த திடலில் பிள்ளைகள் பந்தாடும்போது மாயாண்டி என்பவரின் மாடுகளும் குறுக்கே நடந்தன. "அந்த மாடு விசிலுக்கெல்லாம் நிக்காது லா. முதுகுல முட்டினப்புறம் ரெஃப்ரிகிட்டயா போய்ச் சொல்றது?"

இந்தப் பழக்கம்தான் இந்தப் பருவத்துக் கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் காலை வாரியது. ஒரு நொடி அதிகமாகப் பின்னால் பார்த்துவிட்டார். பந்து பாதத்துக்கு அடியில் நழுவி எதிரணியிடம் போய்க் கோலானது. பெனால்டியில்தான் தப்பித்தார்கள். பயிற்சியாளர் கனகராஜ் கொதித்துவிட்டார். "பராக்குப் பாத்தது போதும்! ஃபைனல்ல இன்னொரு தடவ பந்த விட்டுட்டு அங்க இங்க பாத்தே, பெஞ்சுலதான் உக்காருவ."

அந்த வாரம் முழுக்கத் தினேஸ்வரி பந்தை மட்டுமே பார்த்தார். பந்து ஒருமுறைகூட நழுவவில்லை. முன்னாலும் போகவில்லை. எல்லாம் வந்த வழியே பின்னால் போயின. "நான் முன்னாடி கையக் காட்டிக் காட்டித் தேயுறேன். கண்ணு அவிஞ்சு போச்சாடி?" என்று ஷர்மினி கத்தினார்.

இறுதியாட்டத்தின் முதல் பாதியும் அப்படியே கழிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. இடைவேளையில் தினேஸ்வரி சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் தற்காப்பாளர் ஒருவர் அவரை நோக்கிப் பந்தைத் தள்ளினார். பந்து உருண்டது. தினேஸ்வரியின் தலை இடப்புறம் திரும்பியது. வலப்புறம் திரும்பியது. "பந்தப் பாரு! பந்தப் பாரும்மா!" என்று கனகராஜ் கோட்டோரம் துள்ளினார். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். தொடும் கணத்தில் அவர் கண் பந்துக்குத் திரும்பியிருந்தது. முதல் தொடுதலில் இருவருக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தார். இரண்டாவதில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆளே இல்லாத வெற்றுப் புல்லுக்கு நீளமாக ஒன்று அனுப்பினார். பந்து போய்ச் சேர்ந்தபோது அங்கே ஷர்மினி ஓடிக்கொண்டிருந்தார்.

வலை அதிர்ந்தது. பார்வையாளர் வரிசையில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தவர் கனகராஜ்தான். "ஆயோ, எங்கம்மா" என்று இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தினேஸ்வரியிடம் கோப்பையைக் கொடுத்தபோது பத்துப் பன்னிரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. "எனக்குடி! இங்க கொண்டா லா!" கேமராக்கள் எதிரே நின்றன. தினேஸ்வரி இடத்தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தார், வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை. உயரமானவர்களுக்குப் பின்னே, இந்தப் பருவம் முழுதும் களமிறங்காத மாற்றுக் கோல்காப்பாளர் நிரோஷா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினேஸ்வரி முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பிச் சிரித்தார். சிரித்தபடியே கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, திரும்பாமலே பின்னால் நீட்டினார். அது நேராக நிரோஷாவின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.