நெட்டுக்குப்பத்திலிருந்து நியூயார்க்குக்குத் தெற்கு வழி

நியூயார்க் போக வேண்டுமானால் முதலில் ராயபுரம் போக வேண்டும். எண்ணூரிலிருந்து ரயிலில் எட்டு மைல். மீதித் தூரத்தைக் கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில், கப்பல் ஏஜெண்டைப் பார்த்து விவரம் கேட்டு வர, மார்கழி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்டேஷனில் போய் நின்றேன். ரயில் ஏழேமுக்காலுக்குத்தான். நான் எப்போதும் அப்படித்தான். எங்காவது போக வேண்டும் என்றால் முந்தின நாளிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளாது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம் அது. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்காக ஒருத்தியை இரண்டு வருஷம் நியூயார்க்குக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றேன். இடமும் கிடைத்துவிட்டது. சிக்கல் வீட்டில்தான். என் நைனா, அதாவது அப்பா, எண்ணூரை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் கட்டுமரம் ஓட்டுகிறவர். கோபக்காரர் இல்லை, ஆனால் பேசாமல் இருந்தே ஆளைக் கொன்றுவிடுவார். விஷயத்தைச் சொல்லி ஒரு வாரம் ஆன பிறகு வாயைத் திறந்தார்.

“போ, கண்ணு. படிச்ச பொண்ணு, வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போறே? ஆனா கரைல நின்னு உன்னை அனுப்பி வையின்னு மட்டும் சொல்லாத. அது என்னால ஆவாது.”

எங்கள் வீட்டு வழக்கம் அது. கடலுக்குப் போகிறவரை நாங்கள் கரையில் நின்று வழியனுப்ப மாட்டோம். அவர் பாட்டுக்கு மரத்தைத் தள்ளிக்கொண்டு போவார். நாங்கள் பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போது மட்டும் குடும்பமே கரைக்கு ஓடும். என் சித்தப்பாவுக்குக் கல்யாணமான புதிதில், சித்தி ஆசையாகக் கரையில் நின்று மரம் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தாளாம். சித்தப்பா அன்றைக்குப் போனவர்தான். போகிற முதுகைப் பார்க்கக் கூடாது, வருகிற முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதில் அதன் பிறகு நைனா இம்மியும் அசைய மாட்டார்.

ஆக, துறைமுகத்துக்கு யாரும் வர மாட்டார்கள். இரண்டு வருஷம் போகிறவள் நைனாவின் முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கப்பல் ஏறுவேன்? உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் என்றால் அழக் கூடாதா என்ன? கடைசியில் நைனாதான் வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவிலிருந்து கோதுமை ஏற்றி வரும் கப்பல்கள், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் எங்கள் பக்கத்துக் கடலில்தான் நாள்கணக்கில் நங்கூரம் போட்டு நிற்கும். அமெரிக்காக் கப்பல் இங்கே வந்து நிற்கிறது என்றால், அமெரிக்காவுக்குப் போகிற கப்பலும் இந்தப் பக்கமாகத்தானே போயாக வேண்டும்?

“நம்ம பாட்டுக்கு வலை போட்டுகினு இருப்போம். உன் கப்பல் எதுத்தாப்ல வரும். வர்ற மொகத்தைப் பாத்துக்குறேன். அதுல தப்பில்லியே?” என்றார்.

குப்பமே தலையாட்டியது. நானும்தான். பள்ளிக்கூடத்தில் பூகோளத்துக்கு நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.

ரயில் வந்தது. மூன்றாம் வகுப்பில் மீன்கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. கத்திவாக்கத்துப் பக்கம் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. பயணத்துக்காக அம்மை குத்திக்கொண்ட இடது கை வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

“இன்னாமே, கால்ல வெந்நி ஊத்திகினியா? குந்து!” என்று அதட்டினாள் எங்கள் குப்பத்து அஞ்சலை அக்கா. கூடையோடு தண்டையார்பேட்டைக்கு வியாபாரத்துக்குப் போகிறவள். “ஆமா, அந்த ஊர்ல மீன் கீதா?”

“இருக்குதாம்க்கா. ஐஸ்ல போட்டு வச்சிருப்பாங்களாம்.”

“ஐஸ் மீனா? கலீஜு! கருவாடு எடுத்துகினு போ.”

அவள் சொல்லவே வேண்டாம். அம்மா ஏற்கெனவே ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவிக் காயவைத்து, நிறைய நெத்திலிக் கருவாடு அடைத்து வைத்திருந்தாள். கப்பலில் என்னோடு வரப்போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருந்தது.

ராயபுரத்தில் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் ஆறணா கேட்டார். நாலணாவுக்கு ஒப்புக்கொண்டு, வழியெல்லாம் அந்த இரண்டணாவுக்காக என்னைத் திட்டிக்கொண்டே இழுத்தார். ஒன்றரை மைல். கடற்கரைச் சாலையில் லாரிகளும் மாட்டுவண்டிகளும் முட்டிக்கொண்டு நின்றன. நிலக்கரித் தூசியில் என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகிவிட்டது. கப்பல் ஏஜெண்டு ஆபீசின் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் பொறுமையாகத்தான் விளக்கினார். சரக்குக் கப்பல். பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டும் இடம். தை மாத நடுவில் புறப்படும். கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக நியூயார்க் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே அப்போது பனி கொட்டும், கம்பளிக் கோட்டு இல்லாமல் இறங்க முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எனக்கு வேண்டியதைக் கேட்டேன்.

“சார், எண்ணூரைத் தாண்டும்போது கப்பல் கரையிலேருந்து எவ்வளவு தூரத்துல போகும்?”

“எண்ணூரா? எண்ணூர் எங்கேம்மா வந்தது நடுவுல?” சுவரில் மாட்டியிருந்த படத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். “துறைமுகத்து வாயை விட்டதும் தெற்கே திரும்பிடும். மயிலாப்பூர், மாமல்லபுரம், அப்புறம் கொழும்பு.”

“அமெரிக்காக் கப்பலெல்லாம் எங்க ஊருக்கு எதிரேதானே நிக்குது?”

“உள்ளே இடம் இல்லாம நிக்குது. அமெரிக்கா அந்தப் பக்கம் இருக்குன்னா நிக்குது?” என்று சொல்லி மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “கொஞ்சம் வடக்கே போயிட்டுத் திரும்பினா என்ன?”

“இது கப்பல்மா, ஜட்கா வண்டி இல்லை. நாளைக்குள்ள உறுதி சொல்லணும். இல்லேன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்.”

திரும்பும் ரயிலில் ஏறியதும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விஷயத்தைச் சொன்னால் நைனா மறுபடியும் வாயை மூடிக்கொள்வார். சொல்லாமல் இருந்தால், வராத கப்பலுக்காக நெட்டுக்குப்பத்துக்கு எதிரே நாளெல்லாம் கடலில் காத்துக் கிடப்பார். நியூயார்க்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கொருக்குப்பேட்டையில் முடிவு செய்தேன். திருவொற்றியூர் வருவதற்குள் அது மாறிவிட்டது. கத்திவாக்கத்தில் மறுபடியும் வேண்டாம் என்று தோன்றியது.

குப்பத்துக்குள் நுழைந்தபோது நைனா மணலில் உட்கார்ந்து, அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் பாய்மரக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

“கப்பல் மேல நிக்கிற உனக்குத் தெரியணும்ல?” என்றார் என்னைப் பார்த்ததும். அவ்வளவு உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“தெக்காலயா?” அவரால் நம்ப முடியவில்லை. “தெக்கால போனா சிலோன்தானே வரும்?”

“அங்க போயிட்டுத்தான் அமெரிக்காவுக்குப் போகுதாம் நைனா.”

“இன்னா பேஜாரு இது!”

“அப்போ போவ வேணாம். அந்த ஆஸ்பத்திரில சொல்லிடு,” என்றாள் அம்மா, காத்திருந்தவள் போல. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. நைனா ஒரு பிடி மணலை அள்ளி, மெல்ல நழுவவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்.

“தையிலயும் வாடைதான் அடிக்கும். மரம் தானா தெக்கால ஓடிடும்,” என்றார்.

“போறது சரி. எதிர்காத்துல திரும்பி வர்றது யாரு?” என்று அம்மா கேட்டாள்.

“அது என் பாடு. நீ போய் எடம் வேணும்னு சொல்லிடு, கண்ணு.”

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலை அதே ரயிலில் போய் அந்தக் குமாஸ்தாவிடம் உறுதி சொன்னேன். கூடவே, ராயபுரத்தில் கப்பல்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றையும் வாங்கினேன். அது என் கணுக்கால் வரை வந்தது.

தை மாதத்தில் கப்பல் புறப்பட்ட காலையில் துறைமுகம் திருவிழா மாதிரி இருந்தது. மற்ற பயணிகளுக்கெல்லாம் மாலையும் பூச்செண்டுமாகக் கூட்டம். ஒரு குடும்பம் மொத்தமாக அழுதது. பின்னால் நியூயார்க் துறைமுகத்திலும் பார்த்தேன். கப்பல் புள்ளியாகிற வரை கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். என்னைக் கேட்டால் எங்கள் வழக்கமே மேல். ஆனால் அன்றைக்கு யாரும் இல்லாமல், கருவாட்டு டின்னும் கோட்டுமாகக் கப்பலின் மேல்தட்டில் நின்றபோது, எனக்கும் யாராவது வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது உண்மை.

கப்பல் துறைமுகத்து வாயைத் தாண்டியது. அங்கே ஏழெட்டுக் கட்டுமரங்கள் கிடந்தன. ஒன்றிலும் சிவப்பு இல்லை. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். கப்பல் தெற்கே திரும்பியது. கலங்கரை விளக்கம் போயிற்று; சாந்தோம் மாதா கோயிலின் கோபுரமும் போயிற்று. காற்று மாறியிருக்கும், மரம் கவிழ்ந்திருக்கும் என்று என்னென்னவோ தோன்றியது. கடவுளே, நான் எதற்காக எழுந்து நின்றேன்?

அப்போது கப்பலுக்கு முன்னால், வெகு தூரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது.

நைனாதான். துறைமுகத்து வாயிலேயே நின்றால் என் முதுகைத்தான் பார்க்க நேரும் என்று, அதையும் தாண்டித் தெற்கே அத்தனை தூரம் போய், வடக்கே பார்த்தபடி மரத்தின் மேல் நின்றிருந்தார். கூடத் துணைக்கு இரண்டு மரங்கள். கப்பல் அவரை நோக்கிப் போயிற்று. தலையில் கட்டிய துண்டு தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. “நைனா! நைனா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் கையை ஆட்டவில்லை. துடுப்பை ஊன்றிக்கொண்டு, கரையில் நாங்கள் அவரைப் பார்ப்போமே, அப்படிக் கண் கொட்டாமல் பார்த்தார். கப்பல் அவருக்கு நேரே வந்ததும் முகத்தைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொழும்புக்குப் போகும் ஜவுளி வியாபாரி ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். “தெரிஞ்சவங்களாம்மா?” என்று கேட்டார்.

“எங்க நைனா. என்னை எதிர்கொண்டு அழைக்க வந்திருக்கார்.”

“எதிர்கொண்டா? இப்பத்தானேம்மா புறப்பட்டோம்!”

“எங்க வீட்ல அப்படித்தான்,” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் கப்பலின் முன்பக்கத்துக்கு நடந்தேன்.