மாகறல் ஹால்ட்

மாணிக்கவாசகம் ஒன்றும் பெரிய மனுஷனில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர், அவ்வளவுதான். ஆனால் எந்தக் கண்டக்டர் எந்த பஸ்ஸில் போவது, ராத்திரி வீட்டில் படுப்பதா வெளியூரில் படுப்பதா என்று எழுதுகிற பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில், அதுவும் ஷெட்டின் கூரைக்குக் கீழேயே பிடித்தார்.

அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் பிடிக்காத டூட்டி ஒன்று உண்டு. கடைசி பஸ் மாகறல் போய் ராத்திரி அங்கேயே 'ஹால்ட்' என்று நின்று, விடிந்ததும் முதல் டிரிப்பாகத் திரும்பும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டில் சுருண்டு படுத்துக் கொசுவுக்குத் தீனியாக வேண்டும். கும்பிடு போடாதவனுக்கு மாகறல். 'சார்' சொல்ல மறந்தவனுக்கு மாகறல். காலையில் பக்கத்து ஓரிக்கைக்கு டூட்டி என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவன் சாயங்காலம் வந்தால், பலகையில் மாகறல் என்று மாறியிருக்கும். ஏன் என்று கேட்டால் "நிர்வாக சௌகரியம்" என்பார். நிர்வாகத்துக்கே தெரியாத சௌகரியம் அது.

எழுபத்திரண்டாம் வருஷம் சங்கம் பொங்கி எழுந்தது. செயலாளர், டிரைவர் தர்மன். பஸ்களை நிறுத்திப் போராடி ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஹால்ட் எல்லோருக்கும் சுற்றுமுறையில் வரும். மாதத்துக்கான டூட்டியை முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். மாற்றுவதானால் ஒரு வாரம் முன்னால் நோட்டீஸ். இரண்டு பேர் மனமொத்து மாற்றிக்கொண்டால் மட்டும் நோட்டீஸ் வேண்டாம், டைம்கீப்பர் கையெழுத்துப் போட்டால் போதும். பதிலுக்கு முதலாளி தரப்பும் ஒன்றைச் செருகியது: பஸ் லேட்டாக வந்து மெமோ வாங்கினால், கண்டக்டருக்கு ஒரு வாரம் கூடுதல் ஹால்ட்.

ஆள் அடங்கிவிடுவான் என்று தொழிலாளிகள் நினைத்தார்கள். பாவம், குரங்கின் கையிலிருந்த பூமாலையைப் பிடுங்கிக் கொள்ளிக்கட்டையைக் கொடுத்த கதையாயிற்று. முன்பெல்லாம் மாணிக்கவாசகம் காரணம் தேட வேண்டியிருந்தது. இப்போது எதற்கெடுத்தாலும் "ஒப்பந்தம்" என்றால் தீர்ந்தது.

கண்டக்டர் ஷரீஃப் பட்ட பாடே போதும். தை மாதத்தில் ஒருநாள் அவன் மனைவி சைதுனுக்கு நோவு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு அவனுக்கு மாகறல். கலியாணசுந்தரம் என்கிற இன்னொரு கண்டக்டர் தானே முன்வந்து, "ஷரீஃப் பதிலுக்கு நான் போறேன் சார்" என்றான். ஒரு கையெழுத்துதான் பாக்கி. நோட்டீஸ் வேண்டாத மாற்றம் என்று தெரிந்தும் மாணிக்கவாசகம் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "புள்ளை பொறக்கப் போவுதுன்னு ஒரு வாரம் முன்னாடி எழுதிக் குடுத்தியா?"

"அது எப்ப பொறக்கும்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"அப்ப போய் டூட்டி பாருபா."

பெண் குழந்தை. ஷரீஃப் அதன் முகத்தைப் பார்த்தது மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான். சித்தாரா என்று பெயர் வைத்தான். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று ஷெட்டே காறித் துப்பியது. மாணிக்கவாசகத்துக்கு அதுவும் ஒரு மரியாதையாகத்தான் பட்டது.

வைகாசியில் அவர் மகள் வள்ளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பரசுராமன், அதே கம்பெனியில் கண்டக்டர். விடியற்காலை முகூர்த்தம். மாணிக்கவாசகம் மூன்று ஜோசியர்களிடம் பஞ்சாங்கம் பார்த்தார், ராகு பார்த்தார், குளிகை பார்த்தார், ஊர்த் திருவிழா எந்தத் தேதி என்று பார்த்தார். தான் எழுதிய டூட்டியை மட்டும் பார்க்கவில்லை. அது மற்றவர்களைக் கட்டிப்போட எழுதியதுதானே?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் மனைவி கிருஷ்ணவேணி கேட்டாள். "மாப்பிள்ளை அழைப்புக்கு அவரு எத்தினி மணிக்கு வருவாரு? மேளக்காரங்க கேக்கறாங்க."

அவர் ஷெட்டுக்கு ஓடிவந்து பலகையைப் பார்த்தார். கல்யாணத்தன்று பரசுராமனுக்கு லீவுதான். ஆனால் முந்தின நாள் கடைசி பஸ், மாகறல் ஹால்ட். அழைப்பு நேரத்தில் மாப்பிள்ளை மாகறல் சாலையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான். தாலி கட்டும் நேரத்தில் பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பான். எழுதியிருந்தது அவருடைய முத்து முத்தான கையெழுத்தில்.

"ஏன்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மாப்பிள்ளைமேல் பாய்ந்தார்.

"எழுதனது நீங்கதானே மாமா. பாத்து மாத்துவீங்கன்னு இருந்தேன்."

தர்மனிடம் போனார். தர்மன் டயரைத் தட்டிப் பார்த்தபடியே கேட்டான்: "ஒரு வாரம் நோட்டீஸ் ஒட்டியாச்சா சார்?" கண்டக்டர்களிடம் ஒவ்வொருவராகப் போனார். ஒருவனுக்கு வயிற்று வலி, ஒருவன் வீட்டில் தறிக்குப் பாவு போடுகிறார்களாம். கலியாணசுந்தரம் மட்டும் மழுப்பாமல், "ஒப்பந்தம் சார்" என்றான். ஷெட் முழுக்க அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. பெண்ணைப் பெற்றவர் என்று பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. மாணிக்கவாசகம் என்று பார்த்தால் அந்தப் பரிதாபமும் வரவில்லை.

மிச்சமிருந்தது ஷரீஃப். அவனிடம் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அவனே வந்தான்.

"நான் போறேன் சார். உங்களுக்காக இல்ல. அந்தப் பொண்ணு மணையில உக்காந்துக்கினு மாப்பிள்ளைக்காக வாசலைப் பாத்துக்கினு இருக்கக் கூடாது. எங்க வூட்ல ஒருத்தி அப்பிடிப் பாத்துக்கினு இருந்தா."

மாணிக்கவாசகம் மனமொத்த மாற்றத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்கு வா என்று அவனை அழைக்கத் தோன்றவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அன்று காலை மாகறலிலிருந்து ஷரீஃப் வந்த பஸ் அரைமணி லேட். காரணம், மாகறலில் இருக்கிற மாணிக்கவாசகத்தின் ஒன்றுவிட்ட அக்காள் பூவம்மாள். கல்யாணத்துக்கென்று சீர்த்தட்டோடு பஸ்ஸில் ஏறிய பிறகு, பழத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று இறங்கித் திரும்பப் போனாள். டைம்கீப்பருடைய அக்காள் என்று டிரைவர் காத்திருந்தான். தாலி கட்டுக்கு வராத அக்காள், பந்திக்குச் சரியாக வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாணிக்கவாசகம் புது வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக ஷரீஃபைக் கூப்பிட்டு லேட் மெமோவை நீட்டினார்.

"உங்க அக்காவாலதான் சார் லேட்டு."

"சொந்தம் வேற, டூட்டி வேற. அடுத்த வாரம் பூரா மாகறல். ஒப்பந்தத்துல இருக்குது."

தர்மன் வாயைத் திறப்பதற்குள், இன்னும் கையில் மருதாணி மங்காத பரசுராமன் உள்ளே வந்தான். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, டூட்டித் தாளில் ஷரீஃபின் பெயர் இருந்த வாரத்தில் தன் பெயரை எழுதினான்.

"நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கறோம் மாமா. கையெழுத்து போடுங்க."

"டேய், இது தண்டனை டூட்டி. இதை மாத்த முடியாது."

"ஒப்பந்தத்துல அப்பிடி இல்லியே சார்" என்றான் தர்மன். "கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளைக்குப் போட்டீங்களே, அதே எடத்துல போடுங்க."

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாணிக்கவாசகம் குரலைத் தாழ்த்தினார். "தாலி கட்டி மூணு நாள் ஆவலை. வாரம் பூரா மாகறல்ல படுத்தா வள்ளி என்னாபா நெனைக்கும்? அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவதான் மாமா போகச் சொன்னா. ஷரீஃப் அண்ணன் சமாச்சாரம் எல்லாம் அவளுக்குத் தெரியும். கையெழுத்து வாங்காம வராதேன்னு சொல்லி அனுப்பனா."

மாணிக்கவாசகம் மருமகனைப் பார்த்தார், ஷரீஃபைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.