கோட்டையில் ஒரு தோல் தொப்பி

தம்பி சாமுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கான போட்டோ ஷூட் இன்று காலை வேலூர் கோட்டையில். பைகளைத் தூக்க அக்கா நான்.

சாம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே மிச்சத் தோலைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே ஒரு தொப்பி தைத்து எடுத்து வந்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு மதிலில் கெத்தாகச் சாய்ந்து நின்றான்.

கல்யாணப் பெண் ஜெனி பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். தொப்பியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க இது? வெள்ளக்காரன் தோல் வெச்ச தொப்பியப் போடச் சொன்னதுக்குத்தான் அந்தக் காலத்துல சிப்பாய்ங்க இதே கோட்டையில சண்ட போட்டு செத்தாங்க. நீங்க ஆசையா தெச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"என்னை யாரும் போடச் சொல்லலியே ஜெனி. உனக்குப் புடிக்கும்னு நானாதான் தெச்சேன்."

அவன் குரல் உள்ளே போய்விட்டது.

ஜெனியே தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "இங்க மட்டும் கையில வெச்சுக்கோங்க. வெளிய போனதும் நானே போட்டுக்கறேன்."

தொப்பியை நெஞ்சருகே பிடித்து அவன் தலைகுனிந்து நிற்கும் அந்தப் படம்தான் இன்று எடுத்ததிலேயே அழகு. "செத்தவங்களுக்கு இன்னா மரியாத பாரு!" என்று குடும்ப குரூப்பில் எல்லோரும் உருகுகிறார்கள். ஜெனிக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம்.

பக்கத்தில் நின்ற எனக்குத்தானே தெரியும்? அவள் கழற்றியதில் தையல் எங்காவது விட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெனியிடம் இப்போதே சொல்லவா, கல்யாணம் முடியட்டுமா? அவள் இந்தப் பக்கம் வருவதற்குள் சொல்லுங்கள்.