முதல் தடவை

தொண்ணூறுகளில் அம்மா மயிலாப்பூர் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் தம்புராவுக்குச் சுருதி கூட்டினால், தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்கிய விரல்கள் சட்டென்று விரியாது. "நாலு தடவை மடக்கி விரிச்சா சரியாயிடும்" என்பாள். ஆகிவிடும்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் போனோம். அம்மா கும்பிட்டாள். அவரோ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் விட்ட பிறகும் அவள் கை விடவில்லை.

இது பரம்பரையாக வரும் தசை நோய், மரபணுவில் மூன்றே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, தலைமுறைக்குத் தலைமுறை அது நீளும், நோயும் முற்றும் என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, எரிச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தால் எதுவும் தேறும் என்று வளர்த்த வீடு எங்களுடையது. அம்மாவின் கையே அப்படித்தானே தேறுகிறது என்று கேட்டேன்.

"அதுவும் இந்த நோயோட குணம்தாம்மா. முதல் தடவைதான் கை காட்டிக்கொடுக்கும். அப்புறம் இளகிடும்" என்றார்.

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் தூங்கிப்போனாள். நான் என் வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டே வந்தேன். நன்றாகத்தான் திறந்தது. லஸ் முனை வந்தபோதுதான் உறைத்தது: முதல் தடவை எப்படித் திறந்தது என்று நான் கவனிக்கவே இல்லை.